வருவித்து எழுதியவர்கள்

எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் நெருங்கி வந்து சிதறும் நிகழ்ச்சிக்கு உலகெங்கும் இயற்பியல் மாணவர்கள் சொல்லும் பெயர் பாபா சிதறல். பம்பாயில் 1909-ல் பிறந்த ஹோமி பாபா கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது போட்ட கணக்கு அது. லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1936-ல் அச்சேறியது. இன்று குவாண்டம் புலக் கோட்பாடு படிக்கத் தொடங்கும் எவருக்கும் இது தொடக்கப் பயிற்சிகளில் ஒன்று. இரண்டு படங்கள் வரைவார்கள். ஒன்றில் இரு துகள்களும் ஒரு ஃபோட்டானைப் பரிமாறிக்கொண்டு விலகும். மற்றதில் இரண்டும் அழிந்து ஃபோட்டானாகி, மீண்டும் ஓர் இணையாகப் பிறக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒவ்வொரு சந்திக்கும் ஓர் உறுப்பு எழுதி, இரண்டு படங்களுக்கும் நடுவே ஒரு கழித்தல் குறி போட்டால் கணக்கின் முக்கால் பங்கு முடிந்தது. பாபாவின் கையில் இந்தப் படங்களும் இல்லை, அவற்றை எண்ணாக்கும் ஃபைன்மன் விதிகளும் இல்லை. டிராக்கின் கோட்பாட்டில் பாசிட்ரான் என்பது எதிர்மறை ஆற்றல் நிலைகளில் விழுந்த ஓர் ஓட்டை. கண்ணுக்குத் தெரியும் எலக்ட்ரானும் எதிர்மறை ஆற்றல் நிலையில் இருக்கும் எலக்ட்ரானும் தம்முள் இடம் மாறிக்கொள்வதைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்ற கேள்விக்கே அவர் முதலில் விடை காண வேண்டியிருந்தது. சேர்க்க வேண்டும் என்று காட்டினார். இன்று நாம் ஒரு வரியில் போடும் கழித்தல் குறி அவருடைய கட்டுரையின் மையவாதம்.

பாபா 1945-ல் நிறுவிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாக இந்த விதிகளை வருவிக்கும் கல்வி பம்பாயில் எப்படி வேர்விட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள். என் வாதம் இது: பாடநூலைக் கொண்டும் அல்ல, பெரிய மனிதர் ஒருவரின் அருகில் உட்கார்ந்ததாலும் மட்டும் அல்ல, விரிவுரைக்குக் குறிப்பெழுதும் உழைப்பின் வழியாகவே இந்த நகரம் அந்தக் கலையைக் கற்றது. வந்தவர் பேசுவார், ஓர் இளைஞர் அதை எழுதுவார், எழுதும்போது பேச்சில் விடுபட்ட படிகளைத் தானே நிரப்புவார், அது சைக்கிளோஸ்டைல் பிரதியாகி ஊர் ஊராகப் போகும். எளிய ஏற்பாடுதான். ஆனால் விதியைப் பயன்படுத்தத் தெரிந்தவரை விதியை வருவிக்கத் தெரிந்தவராக மாற்றியது அந்த ஏற்பாடே என்று நினைக்கிறேன்.

விதிகள் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1948 வசந்தத்தில் அமெரிக்காவின் போக்கனோ மலையில் நடந்த கூட்டத்தில் ரிச்சர்ட் ஃபைன்மன் தன் படங்களை முதன்முதலாக விளக்கினார். அவையில் இருந்தவர்களுக்கு அது பிடிபடவில்லை; துகளுக்குப் பாதை வரைவது குவாண்டம் கொள்கைக்கே முரண் என்று நீல்ஸ் போர் ஆட்சேபித்தார். ஃபைன்மன் விடைகளைச் சரியாகப் பெற்றார். ஆனால் விதிகள் எங்கிருந்து வருகின்றன என்பதை மற்றவர்கள் ஏற்கும் முறையில் அவரால் அப்போது காட்ட முடியவில்லை. அதைக் காட்டியவர் ஃப்ரீமன் டைசன். டோமனாகாவும் ஷ்விங்கரும் வகுத்த புலக் கோட்பாட்டிலிருந்து தொடங்கினால் ஃபைன்மனின் விதிகள் தாமாக வெளிவருகின்றன என்று 1949-ல் இரண்டு கட்டுரைகளில் நிறுவினார். 1950-ல் ஜியான் கார்லோ விக் அந்த வழியின் நடுப்பகுதியை ஒரு பொதுத் தேற்றமாக்கி எளிமைப்படுத்தினார். ஆக, விதிகளின் வரலாற்றிலேயே பயன்பாடு முந்தியது, வருவிப்பு பிந்தியது. மாணவர்கள் இன்றும் அதே வரிசையில் கற்பதால் இரண்டாவது பாதியைத் தவிர்த்துவிடும் சபலம் எப்போதும் இருக்கிறது.

வருவிக்கும் வழியைக் கணிதக் குறியீடு இல்லாமலும் சொல்லலாம். புலங்களின் இயக்கம் முழுவதையும் அடக்கிய லாக்ராஞ்சியன் என்ற கோவையை முதலில் எழுத வேண்டும். அதில் துகள்கள் தன்போக்கில் ஓடும் பகுதியையும், ஒன்றோடொன்று வினைபுரியும் பகுதியையும் பிரிக்க வேண்டும். வினைப்பகுதியை ஒருமுறை, இருமுறை, மும்முறை என்று அடுக்கிப் பெருக்கி, முன்பு நடப்பது வலப்புறமும் பின்பு நடப்பது இடப்புறமுமாகக் காலவரிசையில் நிறுத்த வேண்டும். அந்தப் பெருக்கலில் வரும் புலங்களை இரண்டிரண்டாக இணைசேர்க்கும் எல்லா வழிகளையும் எண்ண வேண்டும். இது விக்கின் தேற்றம். ஒவ்வோர் இணையும் படத்தில் ஒரு கோடு. வினைப்பகுதி ஒவ்வொரு முறை வருவதும் ஒரு சந்தி. இடத்தையும் காலத்தையும் உந்தமாகவும் ஆற்றலாகவும் மாற்றி எழுதினால் விதிப்பட்டியல் கையில் இருக்கும். இதில் ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் சுலபம். ஆனால் எங்கே இரண்டால் வகுக்க வேண்டும், எங்கே குறி மாறும், எந்த உறுப்பு இன்னோர் உறுப்பை அடித்துவிடும் என்பவை கையால் ஒருமுறை முழுவதும் எழுதியவருக்கே வசப்படும்.

1950களின் தொடக்கத்தில் பம்பாயில் இதைக் கற்க நினைத்த ஒருவருக்கு என்ன இருந்தது? ஃபைன்மன், டைசன் கட்டுரைகள் தாங்கிய அமெரிக்க இதழ்கள் இருந்தன. முழுமையான பாடநூல் இல்லை. யாவுக், ரோர்லிக் இருவரும் எழுதிய ஃபோட்டான்–எலக்ட்ரான் கோட்பாட்டு நூல் 1955-ல்தான் வந்தது, ஷ்வெபரின் பெருநூல் 1961-ல். அமெரிக்காவிலேயே டைசன் 1951-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்திய பாடங்களின் பிரதிகள் கைமாறிக்கொண்டிருந்த காலம். அறிவியல் வரலாற்றாசிரியர் டேவிட் கெய்சர் 2005-ல் வெளியிட்ட நூலில் இந்தப் பரவலை விரிவாக ஆராய்ந்தார். கட்டுரைகளை வாசித்து மட்டும் இப்படங்களைக் கற்றவர்கள் மிக அரிது. பிரின்ஸ்டனில் டைசனோடு பழகிய இளம் ஆய்வாளர்கள் வேலைதேடிச் சென்ற இடங்களிலெல்லாம் இந்தக் கலையையும் கொண்டுபோனார்கள் என்பது அவர் முடிவு. நேரடித் தொடர்பு இன்றிப் படக்கணக்கு பரவவில்லை என்பதை நம் துணைக்கண்டமும் ஒரு வகையில் ஒப்புக்கொள்கிறது. அப்துஸ் சலாம் கேம்பிரிட்ஜில் இந்த விதிகளின் முடிவிலிகளை ஒழுங்குசெய்வதில் பெயர் பெற்றுவிட்டு லாகூர் திரும்பினார். பேச ஆளில்லாத தனிமையில் தவித்தார். வுல்ஃப்காங் பௌலி பம்பாய் வந்திருப்பதாக அறிந்ததும் கல்லூரியின் அனுமதிக்குக் காத்திராமல் விமானம் ஏறி வந்து சந்தித்தார். திரும்பியதும் விடுப்பின்றிப் போனதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 1954-ல் அவர் மீண்டும் கேம்பிரிட்ஜுக்கே போய்விட்டார். விதிகளை உருவாக்குவதில் பங்குகொண்டவருக்கே அந்தத் தனிமை தாங்கவில்லை.

அப்படியானால் பம்பாய் எப்படித் தாங்கியது? கெய்சரின் விளக்கத்தை நான் மறுக்கவில்லை. அதில் ஒன்றைக் கூட்ட வேண்டும் என்கிறேன். தொலைவில் உள்ள நகரத்துக்கு விருந்தினர் சில மாதங்களே கிடைப்பார். அவர் போன பிறகும் அவருடைய வகுப்பு நடந்துகொண்டிருக்க ஒரு வழி வேண்டும். டாடா நிறுவனம் அந்த வழியைத் திட்டமிட்டே அமைத்தது. கணிதப் பிரிவில் இதன் சான்று மிகத் தெளிவு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த கே. சந்திரசேகரன் 1949-ல் அந்தப் பிரிவின் பொறுப்பை ஏற்ற பிறகு, உலகின் முதல்தரக் கணிதர்கள் வந்து தொடர் விரிவுரை ஆற்றுவதும், அங்கிருக்கும் இளைஞர் ஒருவர் அதைக் குறிப்புநூலாக எழுதுவதும் வழக்கமாயின. லோரான் ஷ்வார்ட்ஸ் ஆற்றிய சிக்கல் எண் பன்மடிவெளிகள் பற்றிய விரிவுரைகளை 1955-ல் எழுதியவர் எம்.எஸ். நரசிம்மன். வட ஆர்க்காட்டுத் தண்டரையில் பிறந்து, சென்னை லயோலாவில் அருட்தந்தை ராசினிடம் படித்து, 1953-ல் சி.எஸ். சேஷாத்ரியோடு பம்பாய்க்கு வந்தவர். முகப்பில் விரிவுரையாளரின் பெயருக்குக் கீழே குறிப்பெழுதியவரின் பெயரும் அச்சாகும். அந்தச் சிறு மரியாதைக்குப் பின்னால் பெரிய பொறுப்பு இருந்தது. "எளிதில் காணலாம்" என்று பேசியவர் தாண்டிப்போன இடத்தைக் குறிப்பெழுதியவர் தாண்ட முடியாது. காணும்வரை உட்கார வேண்டும்.

இயற்பியலில் இதற்கு இணையான நிகழ்வு, பால் டிராக்கின் பம்பாய் வருகை. நிறுவனம் அப்போது இந்திய நுழைவாயிலுக்கு அருகே பழைய யாட் கிளப் கட்டடத்தில் இயங்கிவந்தது. கொலாபாக் கடலோரத்து இன்றைய வளாகத்தை நேரு திறந்துவைத்தது 1962-ல். 1954–55-ல் டிராக் ஆற்றிய விரிவுரைகள் 'குவாண்டம் இயக்கவியலும் சார்பியல் புலக் கோட்பாடும்' என்ற பொருளில் 1955-ல் குறிப்புநூலாக வந்தன. எழுதியவர்கள் கே.கே. குப்தாவும் ஜார்ஜ் சுதர்சனும். கோட்டயத்துப் பள்ளத்தில் பிறந்த சுதர்சன், தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்துவிட்டு 1952-ல் இங்கு வந்து சேர்ந்தவர். அப்போது வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. டிராக் அளந்து பேசுபவர், ஒரு சொல் மிகையாக வராது என்பது உலகறிந்த செய்தி. அத்தகையவரின் பேச்சுக்குக் குறிப்பு எழுதுவது, பேச்சைப் படியெடுப்பது ஆகாது. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் உள்ள கணக்கைத் தானே போட்டுப் பார்ப்பது. (குறிப்பெழுதும் தொழில் பம்பாய்த் தமிழர்களுக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே நினைக்கலாம். மாட்டுங்காவில் குடியேறிய தலைமுறையில் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டது சுருக்கெழுத்தும் தட்டச்சும்தான். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் கிரேக்க எழுத்தோ தொகையீட்டுக் குறியோ கிடையாது. அந்தக் காலத்து அறிவியல் குறிப்புகளில் அவை கையால்தான் ஏறும்.)

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். டிராக் ஃபைன்மன் வழிக்கு நண்பர் அல்லர். முடிவிலிகளைக் கழித்துவிட்டு எஞ்சியதை விடையாகக் கொள்ளும் முறையை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. அவர் கற்பித்தது, ஆற்றலின் கோவையான ஹாமில்டனியனிலிருந்து தொடங்கும் ஹாமில்டன் வழிப் புலக் கோட்பாடு. படமே வரையாத ஆசானிடம் குறிப்பெழுதியதைப் படங்களின் வரலாற்றில் சேர்ப்பது எப்படி? என் விடை: அதனாலேயே சேர்க்க வேண்டும். டைசனின் வருவிப்பு தொடங்கும் இடம் ஹாமில்டன் வழிதான். அது தெரியாதவர் விதிகளை வருவிக்கப் புகுந்தால் விழும் குழி ஒன்று உண்டு. வினைப்பகுதியின் ஹாமில்டனியன், லாக்ராஞ்சியனின் வினைப்பகுதிக்குக் கழித்தல் குறி போட்டதற்குச் சமம் என்று பலரும் மனப்பாடமாகக் கொள்கிறார்கள். எலக்ட்ரானுக்கு அது சரி. மின்னூட்டம் கொண்ட, சுழற்சியற்ற மேசான் ஒளியோடு வினைபுரியும்போது லாக்ராஞ்சியனில் காலவகைக்கெழு வருகிறது. அப்போது அந்தச் சமன்பாடு பொய்க்கிறது. ஹாமில்டனியனில் கூடுதலாக ஓர் உறுப்பு முளைக்கும். அது சார்பியல் சமச்சீருக்கு ஒவ்வாததுபோலத் தோன்றும். மறுபுறம், காலவரிசைப்படுத்திய இணைகளிலும் அதேபோல் ஒவ்வாத ஓர் உறுப்பு முளைக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, எஞ்சும் விதி லாக்ராஞ்சியனைப் பார்த்து நேராக எழுதியதாகவே அமையும். முடிவில் மனப்பாடம் செய்தவரும் தப்பித்தார்தானே என்று கேட்கலாம். தப்பித்தார், ஏன் தப்பித்தோம் என்று தெரியாமல் தப்பித்தார். அடுத்த கோட்பாட்டில் தப்புவாரா என்று அவரால் சொல்ல முடியாது.

இது இரண்டாவது மறுப்புக்கு இட்டுச்செல்கிறது. நடைமுறையாளர்கள் எப்போதும் எழுப்புவது. விதிப்பட்டியல் ஒரு பக்கத்தில் அடங்கும். அதை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்டு, பரிசோதனைகளோடு ஒத்தும் போயின. ஃபைன்மனே உள்ளுணர்வால்தான் போனார். பிறகு வருவிப்பு எதற்கு? பியோர்கன், ட்ரெல் இருவரின் புகழ்பெற்ற பாடநூலின் அமைப்பே இந்த மறுப்புக்குச் சாட்சி போலத் தோன்றும்: 1964-ல் வந்த முதல் தொகுதி ஃபைன்மனின் உள்ளுணர்வு வழியில் விதிகளைத் தந்து கணக்குப் போட வைக்கிறது, 1965-ன் இரண்டாம் தொகுதிதான் புலங்களிலிருந்து வருவிக்கிறது. பலர் முதல் தொகுதியோடு நின்றார்கள். ஆனால் அந்தப் பட்டியலின் வரிகளைக் கவனியுங்கள். மூடிய எலக்ட்ரான் வளையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கழித்தல் குறி என்கிறது ஒரு வரி. எலக்ட்ரான் புலங்கள் இடம் மாறினால் குறி மாறும். வளையத்தை மூட ஒரு புலத்தை வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்த வேண்டும். அந்த நகர்த்தலில் பிறப்பது அந்தக் குறி. பாபா 1935-ல் மல்லுக்கட்டிய கழித்தல் குறியும் இதே குடும்பம். இன்னொரு வரி, சமச்சீர் எண்ணால் வகு என்கிறது. ஒரே புலம் நான்கு முறை சேரும் சந்தியில் 24 வழிகளில் கோடுகளை மாட்டலாம். லாக்ராஞ்சியனில் உள்ள 24-ல் ஒரு பங்கு அதை ஈடுசெய்யும். ஆனால் இரண்டு சந்திகளை இரண்டு கோடுகளால் இணைக்கும் வளையத்தில் ஈடு முழுமையாகாது, அரை எஞ்சும். படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த அரை ஒரு விதிவிலக்கு. இணைகளை எண்ணியவருக்கு அது எண்ணிக்கை.

இந்த 'ஏன்' சென்னையிலும் கேட்கப்பட்டது. பாபாவிடம் பெங்களூரில் பணியாற்றிய அல்லாடி ராமகிருஷ்ணன், பிரின்ஸ்டனில் 1957–58-ல் ஓராண்டு இருந்துவிட்டுத் திரும்பி, தன் வீடான ஏகாம்ர நிவாசத்திலேயே கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கை நடத்தத் தொடங்கினார். நீல்ஸ் போர் 1960 ஜனவரியில் அங்கு வந்தார். 1962-ல் மாட்சயன்ஸ் என்கிற கணித அறிவியல் நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. ராமகிருஷ்ணனும் அவர் மாணவியரான டி.கே. ராதாவும் ஆர். துங்காவும் 1960-ல் எடுத்துக்கொண்ட கேள்வி நம் பொருளின் நடுநெஞ்சைத் தொடுவது: படத்தில் ஒற்றைக் கோடாக நிற்கும் ஃபைன்மன் பரப்பியை நேர் ஆற்றல் பகுதி, எதிர் ஆற்றல் பகுதி என்று பிரித்தால், பழைய முறையின் காலவரிசைப் படிகள் எப்படித் திரும்பக் கிடைக்கின்றன? விதியைக் கொடுத்ததாகக் கொள்ளாமல், அது எவற்றைத் தன்னுள் மடித்து வைத்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்த வேலை அது. பம்பாயில் நிறுவனத்தின் பணமும் வருகையாளர் வரிசையும் இருந்தன. சென்னையில் ஒரு வீட்டின் கூடமும் பிடிவாதமும். இரண்டு இடங்களிலும் கல்வி நடந்த விதம் ஒன்றே: ஒருவர் கேட்டதை எழுதி, எழுதியதை மற்றவர்கள் முன் நின்று நிறுவுவது.

சுதர்சனின் வாழ்க்கையை முன்வைத்து இன்னொரு மறுப்பு உண்டு. இதுதான் எனக்குக் கடினமாகத் தோன்றுவது. அவருடைய பெரும் கண்டுபிடிப்பு வருவிப்பு அல்ல. பம்பாய் வந்த ராபர்ட் மார்ஷாக்கின் அழைப்பில் 1955-ல் ராச்செஸ்டர் போன அவர், மெல்விசையில் சந்தி என்ன வடிவம் கொள்ள வேண்டும் என்பதைப் பரிசோதனை முடிவுகளைத் தரம்பிரித்துக் கண்டார். 'வி கழித்தல் ஏ' எனப்படும் அந்த வடிவத்தை மார்ஷாக்கும் அவரும் 1957-ல் முன்வைத்தார்கள். பொருந்தாத சில பரிசோதனைகள் தவறாக இருக்க வேண்டும் என்றும் துணிந்து சொன்னார்கள், அவை தவறாகவே இருந்தன. ஆக, சந்தியின் வடிவை இயற்கையிடம்தான் கேட்க வேண்டும், எந்த வருவிப்பும் அதைத் தராது. இதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். வருவிப்பு லாக்ராஞ்சியனைத் தருவதில்லை; லாக்ராஞ்சியனைத் தந்த பிறகு என்னென்ன கட்டாயம் என்பதைத் தருகிறது. வி கழித்தல் ஏ வடிவத்தையே எடுத்து வளையங்கள் உள்ள படங்களுக்குக் கணக்குப் போட்டால் முடிவிலிகள் அடங்க மறுக்கின்றன. இயற்கை சொன்ன வடிவம் சரி, ஆனால் அது முழுக் கோட்பாடாக இருக்க முடியாது என்பது அதன் பொருள். அந்த நெருக்கடிதான் யாங்–மில்ஸ் வகைக் கேஜ் கோட்பாடுகளின் வாசலுக்கு இயற்பியலைக் கொண்டுவந்தது. சுதர்சன் நாட்டைவிட்டுப் போனதை நிறுவனத்தின் தோல்வியாகக் காட்டுவோரும் உண்டு. மூன்றாண்டில் ஓர் இளைஞரை ராச்செஸ்டரில் சமமாக நின்று வாதாடும் நிலைக்குக் கொண்டுவந்ததைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேஜ் கோட்பாட்டில்தான் என் வாதத்தின் உரைகல் இருக்கிறது. குளுவான் போன்ற கேஜ் துகள்கள் தமக்குள்ளேயே வினைபுரிகின்றன. லாக்ராஞ்சியனைப் பார்த்து மூன்று கோட்டுச் சந்தி, நான்கு கோட்டுச் சந்தி என்று விதிகளை எழுதி, வளையப் படத்துக்குக் கணக்குப் போட்டால் விடை அபத்தமாகிறது: எல்லா வாய்ப்புகளின் நிகழ்தகவும் சேர்ந்து ஒன்றாக வருவதில்லை. ஃபைன்மன் இதைத் தாமே கண்டுபிடித்து 1963-ல் வெளியிட்டார். வெளியே ஒருபோதும் புலப்படாத, வளையத்துக்குள் மட்டும் ஓடும் ஒரு பேய்த்துகளைச் சேர்த்துக் கழித்தால் கணக்கு நேராகிறது என்றும் காட்டினார்; ஆனால் ஒரு வளையத்துக்கு மேல் அவர் வழி தெளிவாகச் செல்லவில்லை. 1967-ல் ரஷ்யாவில் ஃபதேயேவும் போபோவும் பாதைத் தொகையீட்டிலிருந்து முறையாகப் புறப்பட்டு, அந்தப் பேய்த்துகள் ஏன் வந்தே தீரும் என்பதை எத்தனை வளையங்களுக்கும் செல்லும்படி வருவித்தார்கள். ஒரே புல அமைப்பை வெவ்வேறு கேஜ் வேடங்களில் திரும்பத் திரும்ப எண்ணிவிடுகிறோம். அந்த மிகையெண்ணிக்கையை வகுத்து நீக்கும்போது ஓர் அணிக்கோவை வருகிறது. அதைப் புலமாக எழுதினால் அதுவே பேய்த்துகள். பட்டியலை நம்பியவர்கள் நின்றுவிட்ட இடத்தில் வருவித்தவர்கள் கடந்தார்கள். விதிகளின் பெயருக்கே உரியவரான ஃபைன்மன் ஊகத்தால் பாதித் தூரமே போக முடிந்தது என்பதைவிட வலுவான சான்று இந்த விவாதத்தில் இல்லை.

இந்தத் திருப்பத்தில் பம்பாய் உறங்கிக்கொண்டிருக்கவில்லை. கமுதியில் பிறந்த ஜி. ராஜசேகரன், அணுசக்தி நிலையம் டிராம்பேயில் 1957-ல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் முதல் அணியில் வந்தவர்.  சிகாகோவில் டாலிட்ஸிடம் முனைவர் பட்டம் பெற்று, 1963-ல் டாடா நிறுவனத்துக்குத் திரும்பினார். யாங்–மில்ஸ் புலங்களை வைத்து மெல்விசையை விளக்கும் முயற்சியை உலகில் பெரும்பாலோர் பொருட்படுத்தாத நேரத்தில், 1971-ல் கல்கத்தாவின் சாஹா அணுக்கரு இயற்பியல் நிலையத்தில் அதே பொருளில் விரிவுரைத் தொடர் ஆற்றினார். அது அடுத்த ஆண்டு டாடா நிறுவனத்தின் முன்வெளியீடாக வந்தது. ஹாலந்தில் இளைஞர் ஹெரார்டஸ் எட் ஹூஃப்ட் அந்தக் கோட்பாட்டின் முடிவிலிகள் அடங்கும் என்று காட்டி எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்ததும் 1971-ல்தான். இங்கே விருந்தினர் யாரும் வெளிநாட்டிலிருந்து வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குறிப்பு எழுதும் ஊராக இருந்த பம்பாய் இப்போது குறிப்பை அனுப்பும் ஊராயிற்று. 1976-ல் ராஜசேகரன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும், 1984-ல் மாட்சயன்ஸுக்கும் போனபோது அந்தக் கல்வி தமிழ்நாட்டுக்கும் திரும்பியது.

யாருக்குக் கிடைத்த கல்வி இது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்த வரலாற்றை எழுதக் கூடாது. 1932-ல் தென்னிந்தியக் கல்விக் கழகம் பள்ளி தொடங்கிய மாட்டுங்காவையும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் தாராவியையும் பிரிப்பது சில நிமிட நடை. முதலாவதில் ஆங்கிலக் கல்வியும் அறிவியல் கல்லூரிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. இரண்டாவதில் பிள்ளைகள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி, வேலை அழைக்கும்போது படிப்பை விட்டார்கள். நான் மேலே சொன்ன பெயர்களில் தாராவிப் பெயர் ஒன்றுகூட இல்லை. குறிப்பெழுதும் முறை திறமையை வளர்த்தது. ஆனால் வகுப்புக்குள் வந்து சேர்ந்தவர்களின் திறமையைத்தான். இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, அதன் எல்லையைக் காட்டுகிறது. இதிலும் ஒன்றைச் சொல்லலாம்: பாடநூலும் பிரின்ஸ்டன் பயணமும் கேட்ட செலவோடு ஒப்பிட்டால், படிகளை விடாமல் எழுதிய ஒரு குறிப்பு மிக மலிவான ஆசான். தண்டரையிலும் கமுதியிலும் பிறந்தவர்களை இந்தக் கல்வி எட்டியது உண்மை என்றால், இரயில்பாதைக்கு மறுபுறத் தாராவியை எட்டாமல் போனதற்கு இயற்பியலின் கடினம் காரணமாக இருக்க முடியாது.

இப்போது விதிகளை இயந்திரமே வருவிக்கிறது. 2008-ல் வெளியான ஃபைன்ரூல்ஸ் என்ற மென்பொருளுக்கு லாக்ராஞ்சியனைக் கொடுத்தால் சந்திகளின் பட்டியலைத் தந்துவிடும். மாணவர் கையால் எழுத வேண்டிய காலம் முடிந்தது என்று சொல்வது எளிது. ஆனால் எந்தக் கேஜில் கணக்குப் போடுவது என்று தேர்ந்து, அதற்குரிய உறுப்பையும் பேய்த்துகளின் உறுப்பையும் லாக்ராஞ்சியனில் எழுதிக் கொடுப்பது பயனரின் வேலை. விட்டுப்போனால் இயந்திரம் தவறான கோட்பாட்டின் விதிகளைப் பிழையின்றித் தரும். அந்தத் தேர்வே எவ்வளவு ஆழமான இடம் என்பதற்குப் பம்பாயிலிருந்தே சான்று இருக்கிறது. கேஜ் தேர்வு ஒவ்வொரு புல அமைப்பையும் சரியாக ஒருமுறை எண்ணும் என்று ஃபதேயேவும் போபோவும் கொண்டிருந்தார்கள். அது உண்மையல்ல, சில அமைப்புகள் பலமுறை எண்ணப்படும் என்று 1978-ல் கிரிபோவ் காட்டினார். மறு ஆண்டே டாடா நிறுவனத்திலிருந்து எஸ்.யூ.2 கேஜ் புலங்களின் வடிவியல் பற்றி ஒரு கட்டுரை வந்தது. புலங்களின் வெளி முழுவதற்கும் தொடர்ச்சியாகப் பொருந்தும் ஒரே தேர்வு சாத்தியமில்லாததை, இழைக்கட்டுகளின் மொழியில் அது நிறுவியது. எழுதியவர்களில் ஒருவர் டி.ஆர். ராமதாஸ். மற்றவர், ஷ்வார்ட்ஸின் விரிவுரைகளுக்கு 1955-ல் குறிப்பெழுதிய அதே எம்.எஸ். நரசிம்மன். வளையம் வளையமாகக் கூட்டும் கணக்கில் பழைய விதிகள் அப்படியே நிற்கின்றன; அதற்கு அப்பால், வினை வலுத்து அடுக்குத்தொடர் உதவாத இடத்தில் எந்த விதி என்பது இன்னும் திறந்த கேள்வி.